மூன்று வாரத்தில் செத்துப்போகும் பளபளப்பு: மர லூருக்கு ஈயத்தாள் ஒட்டுவதில் எங்கே பிழை?

மட்டக்குளிப் பொடியன் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. 2022 இல் டொலர் ஏறியதோடு வெளிநாட்டு லூர் (சின்ன மீன் உருவத்தில் தூண்டிலில் கட்டி எறியும் போலி இரை) வாங்குவதை விட்டுவிட்டு நானே மரத்தில் செதுக்கத் தொடங்கினேன். உருவம் ஓரளவு வருகிறது, தண்ணீரில் நெளிந்து நீந்தவும் செய்கிறது. மேல்பூச்சில்தான் மாட்டிக்கொண்டேன்.

சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி, மேலே ஐந்து நிமிட எபொக்சி (இரண்டு பாகம் கலந்து இறுக வைக்கும் பிசின்) பூசினேன். பூசிய அன்று அசல் சூடை மீன்தான். அம்மாகூடக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்துவாரத்தில் நாலைந்து நாள் எறிந்த பிறகு, கொக்கி மாட்டும் வளையத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் வந்தது. அடுத்த வாரம் அது சாம்பல் நிறமாகித் தாள் பொங்கிவிட்டது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. வயிற்றுப் பக்கம் சுருக்கம் வேறு. ஆறு லூர் செய்தேன், ஆறுக்கும் இதே கதி.

தாளை மாற்றுவதா, பசையை மாற்றுவதா? பேசாமல் வெள்ளி ஸ்பிரே அடித்துவிடு என்கிறான் ஒரு நண்பன். இன்னொரு சின்னச் சந்தேகம்: அலுமினியத் தாளில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும்?

வத்தளை மாமா (செவ்வாய், இரவு 10.25)

வாரும் தம்பி. கடைசியில் இருந்து வருகிறேன். எந்தப் பக்கம் என்று கவலைப்பட வேண்டாம். ஆலையில் கடைசி உருட்டின்போது இரண்டு தாளைச் சேர்த்து உருட்டுவார்கள். உருளையில் பட்ட பக்கம் மினுங்கும், ஒன்றோடொன்று பட்ட பக்கம் மங்கும், அவ்வளவுதான். செதில் கோடு அழுத்தியபிறகு இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டீர்.

ஸ்பிரே கதையை நான் பட்டுத் தெளிந்தவன். காயும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் இருப்பது மா மாதிரியான அலுமினியச் செதில்கள். அவை பூச்சின் மேலே மிதந்து வந்து தட்டையாகப் படுத்துக் கிடப்பதால்தான் அந்த மினுக்கம். அதற்கு மேல் தின்னர் கலந்த கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, ஒன்றை அடித்துப் பாரும். படுத்துக் கிடந்ததெல்லாம் கலைந்து எழும்பி, கண் முன்னாலேயே தகர நிறமாகும். மேலே ஒன்றும் பூசாமல் விட்டால் விரலோடு வரும். ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்து பன்னிரண்டு லூரை அப்படித் தகரமாக்கியிருக்கிறேன்.

தாளை மாற்றத்தான் வேண்டும். சமையலறைத் தாள் மிக மெல்லியது, ஒட்டும்போதே கிழியும். ஏசி குழாய் மூட்டுகளில் சுற்றுகிற அலுமினிய டேப் இருக்கிறதல்லவா, பின்னால் பசையோடு வருவது, அதை வாங்கும். பழைய சோனகர் தெருவில் எந்த ஹார்ட்வெயார் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். தடிப்பு அதிகம் என்பதால் செதில் கோட்டை நன்றாக ஏந்தும்.

செதில் போடுவது இப்படி. புது அரம் ஒன்றை மேசையில் வைத்து, டேப்பைப் பின்தாள் உரிக்காமல் அதன் மேல் சரிவாக வைக்கிறேன். மேலே பழைய பல்துலக்கியின் பிடியை வைத்து ஒரே அழுத்தத்தில் தேய்க்கிறேன். பிறகு டேப்பை மறுபக்கம் சரித்து இன்னொரு முறை. கோடும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சின்னச் சின்ன வைரக்கட்டம் விழும். அரம் இல்லாவிட்டால் நுளம்பு வலையும் போதும், அதில் செதில் கொஞ்சம் பெரிதாக வரும்.

சுருக்கத்துக்கு வருவோம். தோடம்பழத்தில் பேப்பர் சுற்றிப் பார்த்திருக்கிறீரா? எவ்வளவு கெட்டிக்காரன் சுற்றினாலும் மேலும் கீழும் மடிப்பு விழும். தாள் ஒரு பக்கம் வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வளையாது. ஆகவே முழுத் தாளால் சுற்ற வேண்டாம். விலாவுக்கு ஒன்றாக இரண்டு துண்டு வெட்டும். விளிம்புகள் முதுகிலும் வயிற்றிலும் சந்திக்கட்டும். நடுவில் தொடங்கி வெளியே நோக்கித் தேய்த்துக்கொண்டு போம். விளிம்பில் மடிப்பு எழும்பினால், தையல்காரர் மாதிரி அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் வெட்டி மூடும். முதுகுக்கு எப்படியும் பச்சையோ கறுப்போ அடிக்கத்தானே போகிறீர், மூட்டு அதற்குள் மறைந்துவிடும்.

பொல்கொட விரால் (புதன், காலை 6.12)

மாமா எழுதினால் அதற்கு மேல் எழுத ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அந்த வெள்ளை மாவுக்குக் காரணம் வரவில்லையே? எனக்கும் அதேதான் நடந்தது. நான் பயன்படுத்தியது டேப், சமையலறைத் தாள் இல்லை. வாவியில் எறிந்தவை தப்பிவிட்டன, கடலில் எறிந்தவை மட்டும் போய்விட்டன.

வெள்ளவத்தை ரசாயனம் (புதன், பிற்பகல் 3.50)

நான் மீன் பிடிப்பதில்லை. வீட்டுக்காரர் பிடிப்பார், வகுப்பில் நான் ரசாயனம் படிப்பிப்பேன். அவர் செய்த லூர்களில் இந்த வெள்ளை மாவைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனதால் எழுதுகிறேன்.

அது கறள்தான். இரும்பு என்றால் சிவப்பாக வரும், அலுமினியம் என்றால் வெள்ளையாக வரும். சாதாரணமாக அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உண்டாகி அதைக் காப்பாற்றும். இங்கே தம்பி என்ன செய்திருக்கிறார்? வளையக் கம்பி எவர்சில்வர் அல்லது பித்தளை. அதைத் தொட்டுக்கொண்டு அலுமினியத் தாள். நடுவில் உப்புத்தண்ணீர். இரண்டு வேறு உலோகமும் உப்புக்கரைசலும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான். அதனால்தான் வெள்ளை வட்டம் வேறெங்கும் தொடங்காமல் வளையத்தைச் சுற்றித் தொடங்குகிறது. வாவித் தண்ணீரில் உப்புக் குறைவு, மின்னோட்டமும் குறைவு. விரால் கேட்டதற்குப் பதில் அதுதான்.

கம்பியைச் சுற்றி மூன்று நாலு மில்லிமீற்றர் இடைவெளி விட்டுத் தாளை வெட்டுங்கள். இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடக்கூடாது, அந்த இடைவெளியை எபொக்சி நிரப்ப வேண்டும். ஐந்து நிமிட எபொக்சி இதற்குச் சரிவராது. அது தண்ணீரில் கிடந்தால் இளகும், வெயிலில் கெதியாக மஞ்சளாகும். மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள், ஒரு நாள் சுணங்கினாலும் பரவாயில்லை.

தெமட்டகொடை தச்சன் (புதன், இரவு 8.05)

டீச்சர் சொன்னது சரி, ஆனால் உப்புத்தண்ணீர் உள்ளே போவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மரத்தின் வழியாகத்தான். தம்பி, வளையத்துக்கு ஓட்டை போட்டு ஆணியைத் திருகியபோது அந்த ஓட்டைக்குள் ஏதாவது விட்டீரா? விட்டிருக்க மாட்டீர். மீன் இழுக்கும்போது கம்பி ஒரு மயிரளவு அசையும். எபொக்சியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். மரம் அதனூடாகத் தண்ணீரைக் குடித்து ஊதும், ஊதினால் தாள் கிழியும். இனி என்ன பூசினாலும் வீண்.

தாள் ஒட்டுவதற்கு முன்பே வெறும் மரத்துக்கு ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். எபொக்சியில் சொட்டுத் தின்னர் கலந்து தண்ணீர் மாதிரி ஆக்கி, மரம் குடிக்கும்வரை தடவி, ஒரு நாள் விட்டு, சாண்ட் பேப்பரால் லேசாகத் தேய்க்கவும். ஓட்டைக்குள்ளும் விட்டு, அது ஈரமாக இருக்கும்போதே வளையத்தைத் திருகவும்.

என்ன மரம் என்று நீர் சொல்லவில்லை. பலகைக் கடைத் துண்டுகள் பாரம் கூடியவை. அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குகிற கதுரு மரம் கிடைத்தால் விடாதீர். சோப்பு மாதிரி வெட்டுப்படும், லேசானது. ஆனால் தண்ணீரையும் அதே வேகத்தில் குடிக்கும். முகமூடி சுவரில் தொங்கும், உமது லூர் கடலில் கிடக்கப் போகிறது.

மட்டக்குளிப் பொடியன் (புதன், இரவு 9.30)

ஐயோ, ஓட்டைக்குள் ஒன்றும் விடவில்லை. ஆறிலும் இல்லை. மரம் கதுருவும் இல்லை, உடைந்த மாம்பழப் பெட்டிப் பலகை. கம்பி பித்தளை.

ஓரமா நிற்பவன் (வியாழன், காலை 7.20)

எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நான் கேட்பது வேறு. இவ்வளவு பளபளப்பு எதற்கு? என் தாத்தா வெள்ளைக் கோழி இறகைக் கட்டி இதே முகத்துவாரத்தில் பாரை பிடித்தார். கடையில் மினுங்கும் லூர் மீனைப் பிடிக்கிறதோ இல்லையோ, வாங்க வந்தவனைப் பிடிக்கிறது.

பொல்கொட விரால் (வியாழன், காலை 8.45)

பாதி உண்மை, பாதி வம்பு. பளபளப்பைத் தாளில் தேடுகிறோம், அது உருவத்தில் இருக்கிறது. இதை நான் விளங்கிக்கொள்ள நாலு வருடம் ஆனது.

இரண்டு லூர் செய்தேன். ஒரே டேப், ஒரே எபொக்சி, ஒரே நீளம். ஒன்று சுருட்டு மாதிரி உருண்டை, மற்றது விலா இரண்டும் தட்டை. குளியலறை வாளியில் போட்டு டோர்ச் அடித்து ஆட்டிப் பார்த்தேன். உருண்டையில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கோடு அப்படியே நின்றது. தட்டையானது ஒரு கணம் இருட்டாக இருந்து, அடுத்த கணம் விலா முழுவதும் ஒரேயடியாக மின்னி, மறுபடியும் அணைந்தது. அணைந்து அணைந்து மின்னுவதைத்தான் மீன் துரத்துகிறது. எப்போதும் மினுங்கிக்கொண்டே இருப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

வெள்ளவத்தை ரசாயனம் (வியாழன், பிற்பகல் 4.10)

விரால் சொல்வது மீனின் தோலுக்கும் பொருந்தும். மீனின் வெள்ளி நிறத்தில் உலோகம் ஒரு துளிகூட இல்லை. குவானின் என்ற பொருளின் மெல்லிய பளிங்குத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. நேராக நீந்தும் மீனின் விலா சுற்றியுள்ள தண்ணீரின் ஒளியையே திருப்பிக் காட்டுவதால், பக்கத்தில் இருந்து பார்க்கும் எதிரிக்கு மீன் தண்ணீரோடு தண்ணீராக மறைந்துவிடும். அடிபட்ட மீன் சரியும்போதுதான் கண்ணாடி கோணம் மாறிப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஆக, பளபளப்பு முதலில் ஒளிந்துகொள்வதற்கான ஏற்பாடு.

17 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஜெபமாலை செய்பவர் ஒருவர் இந்தக் குவானினை மீன் செதிலில் இருந்து கழுவி எடுத்துக் கண்ணாடி மணிகளின் உள்ளே பூசி, போலி முத்து செய்தார். பிற்காலத்தில் அதே சரக்கு கியூட்டெக்ஸிலும் சேர்ந்தது. செட்டியார் தெருவில் முத்து வாங்கும் ஆட்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது.

ஓரமா நிற்பவன் (வியாழன், பிற்பகல் 5.02)

அப்போ தாத்தாவின் இறகும் அணைந்து அணைந்துதான் மின்னியிருக்கிறது என்கிறீர்கள். சரி, சமாதானம்.

சீடி ராஜா (வியாழன், இரவு 10.50)

மக்களே, பழைய சீடியை ஏன் யாரும் சொல்லவில்லை? வீட்டில் இருநூறு கிடக்கிறது. வானவில் நிறத்தோடு மின்னும். கொதிநீரில் போட்டு வளைத்து லூரில் ஒட்டலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

வத்தளை மாமா (வெள்ளி, காலை 6.40)

ராஜா, நானும் பார்த்தேன், நானும் செய்தேன். கொதிநீரில் அரை மணி நேரம் கிடந்தும் அது கல்லு மாதிரி வெளியே வந்தது. சீடி பொலிகாபனேற்று. அது இளகக் கிட்டத்தட்ட 150 பாகை வேண்டும், தண்ணீர் 100 இல் கொதித்துவிடும். அடுப்பில் காட்டி வளைத்தால் குமிழ் விழும், மணம் தாங்காது. தட்டையான துண்டாகவே வெட்டி விலாவில் பதிக்கலாம் என்றால் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு, அதற்குக் குழி தோண்ட வேண்டும்.

ஆனால் சீடியில் இருந்து ஒரு உபயோகம் இருக்கிறது. பெயர் எழுதும் பக்கத்தைக் கத்தியால் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால் அலுமினியப் படலம் டேப்போடு கிழிந்து வரும். மிச்சம் இருக்கும் தெளிவான தட்டை வெட்டி லூரின் முன்னால் வைக்கும் உதடாக்கலாம். பாறையில் அடித்தாலும் இலேசில் உடையாது.

வானவில்தான் வேண்டும் என்றால் பரிசுப்பொருள் சுற்றும் ஜிகினாத் தாளை எடும். அதில் பின்பக்கம் உலோகம் பூசியதைப் பார்த்து வாங்கும். கண்ணாடி மாதிரித் தெளிவாக உள்ள வானவில் தாளின் மேல் எபொக்சி பட்டால் நிறம் அப்படியே மாயமாகும். அந்த நிறம் நுண்ணிய பள்ளங்களில் இருக்கிறது, பள்ளத்தை எபொக்சி நிரப்பிவிடும்.

கிராண்ட்பாஸ் தேயிலை (வெள்ளி, காலை 11.15)

ஒரு பழங்கதை. அப்பா தேயிலைக் களஞ்சியத்தில் வேலை செய்த காலத்தில் மரப்பெட்டிகளுக்கு உள்ளே ஈயத்தாள் விரித்துத்தான் தேயிலை கொட்டுவார்கள். ஓரம் வெட்டிய துண்டுகள் வீட்டுக்கு வரும். அதைத் தூண்டிலில் சுற்றி சீலா பிடித்தவர்களை எனக்குத் தெரியும். இப்போதும் வெற்றுத் தேயிலைப் பக்கற்றின் உள்பக்கத்தைப் பாருங்கள். பிளாஸ்ரிக்கோடு சேர்த்த தாள் என்பதால் கிழியாது.

இன்னொன்று. அவிசாவளையில் மழை பெய்தால் மறுநாள் களனி ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அன்றைக்கு வெள்ளி எடுபடாது. தங்க நிற டொபித் தாள்தான்.

வெள்ளவத்தை ரசாயனம் (வெள்ளி, பிற்பகல் 2.30)

அதற்கும் காரணம் இருக்கிறது. கலங்கல் தண்ணீர் நீல ஒளியை முதலில் விழுங்கிவிடும், மஞ்சளும் சிவப்பும் எஞ்சும். இருக்கும் ஒளியைத் திருப்பியனுப்பும் நிறம் எதுவோ அதுதான் தெரியும். வெள்ளித் தாளின் மேல் மார்க்கர் பேனையால் மஞ்சள் தீட்டலாம் என்று நினைக்காதீர்கள், எபொக்சி பட்டதும் மை பரவி ஓடும்.

ஜிகினாத் தூள் தூவுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிச்சத் தூளைக் குழாயடியில் கழுவி விடாதீர்கள். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நீர்கொழும்புக் கரையில் பிளாஸ்ரிக் மணி பொறுக்கியவர்களில் நானும் ஒருத்தி. போதும் போதும் என்றாகிவிட்டது.

மட்டக்குளிப் பொடியன் (ஞாயிறு, இரவு 7.15)

டேப் வாங்கி, மரத்தை அடைத்து, தட்டை விலாவோடு இரண்டு புது லூர் செய்தேன். இடைவெளியும் விட்டேன். மெதுவான எபொக்சியும் வாங்கினேன். ஆனால் இன்னொரு தலைவலி. எபொக்சி கீழே வழிந்து வயிற்றில் தொப்பை மாதிரி இறுகிவிட்டது. மேற்பரப்பு மறுநாளும் பிசுபிசுவென்று எண்ணெய் தடவினது போல இருக்கிறது. நேற்று முழுக்க மழை.

தெமட்டகொடை தச்சன் (ஞாயிறு, இரவு 8.00)

வழிவதற்கு வைத்தியம் சுற்றுவது. பழுதான மைக்ரோவேவின் அடியில் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டர் இருக்கும், நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. அதில் ஒரு குச்சியைப் பொருத்தி லூரைக் கட்டி இரவெல்லாம் சுற்ற விடும். மோட்டரின் மேல் எத்தனை வோல்ட் என்று முதலில் வாசியும். சிலது நேரே 230 இல் ஓடும், சிலது 21 வோல்ட்தான், அதை வீட்டுக் கரண்டில் செருகினால் புகைதான். மைக்ரோவேவைத் திறப்பதை மின்வேலை தெரிந்தவரிடம் விடும், உள்ளே இருக்கும் கொண்டென்சர் பிளக் கழற்றிய பின்னும் அடிக்கும். அந்த மோட்டர் ஒரு நாள் வலமாகச் சுற்றும், ஒரு நாள் இடமாகச் சுற்றும். பழுது என்று நினைக்க வேண்டாம், அதன் குணம் அது.

வெள்ளவத்தை ரசாயனம் (ஞாயிறு, இரவு 8.20)

பிசுபிசுப்பு மழையால் வந்தது. எபொக்சியின் இறுக்கும் பாகம் காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேலே ஒரு மெழுகுப் படலம் விடும். இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள், போய்விடும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்து இரண்டாவது பூச்சு. கழுவாமல் மேலே பூசினால் பிறகு தோல் மாதிரி உரியும். கொழும்பில் இந்த வேலையை வெயில் நாளில் மத்தியானம் தொடங்குவதுதான் நல்லது. பிசுபிசுப்பு உள்ளுக்குள்ளும் இருந்து நகம் பதிந்தால் அது வேறு வியாதி: இரண்டு பாகமும் சரியான அளவில் கலக்கவில்லை. அப்படியானால் சுரண்டி எறியத்தான் வேண்டும்.

மட்டக்குளிப் பொடியன் (ஆறு வாரம் கழித்து, சனி, இரவு 9.05)

இழையைத் தூசி தட்டுவதற்கு மன்னிக்கவும். கழுவினேன், போய்விட்டது. நகம் பதியவில்லை, கலவை தப்பியது. மோட்டரைப் பக்கத்து வீட்டு அண்ணா கழற்றித் தந்தார், 230 தான்.

ஒரு லூரை எறியாமல் உப்புக் கரைத்த போத்தலில் இரண்டு வாரம் போட்டு வைத்தேன். வளையத்தடியில் ஒன்றும் இல்லை. மற்றதை ஆறு வாரமாக எறிகிறேன். இரண்டு பாரை, ஒரு கொடுவா (சின்னது, விட்டுவிட்டேன்), நேற்று ஒரு சீலா. சீலாவின் பல் விலாவில் எபொக்சியைக் கீறித் தாள்வரை போயிருந்தது. டீச்சர் சொன்ன வெள்ளை மாவை நினைத்துப் பயந்து, நன்னீரில் கழுவிக் காயவைத்து, இரவோடிரவாக அக்காவின் கியூட்டெக்ஸைத் தொட்டு அடைத்தேன். தெளிவானது கிடைக்கவில்லை. அந்த இடம் மட்டும் இப்போது ரோஸ்.

வத்தளை மாமா (சனி, இரவு 9.20)

ரோஸ் பக்கத்தைச் சுரண்டாதேயும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பொல்கொட விரால் (சனி, இரவு 9.31)

எனக்கும்தான். நாளை விடிய ஐந்தரைக்கு முகத்துவாரத்தில் நிற்பேன். தம்பி, அதைக் கொண்டு வாரும், அக்காவின் போத்தலையும் கேட்டுப் பாரும்.